கான்ஸ்டன்ஸ் வூல்சன் வரலாற்றில் ஹென்றி ஜேம்ஸுக்கு எவ்வளவு இடம்?

நெய்தல்:
ஆன் பாய்ட் ரியூ எழுதி 2016-இல் வந்த கான்ஸ்டன்ஸ் ஃபெனிமோர் வூல்சன் வாழ்க்கை வரலாறு பற்றித்தான் இந்த இழை. அமெரிக்க எழுத்தாளரான வூல்சன் (1840–1894) தன் காலத்தில் பெரிய பெயர். ‘ஆன்’ நாவல் 1880 டிசம்பர் முதல் ஹார்ப்பர்ஸ் இதழில் தொடராக வந்து, 1882-இல் நூலாகி 50,000 பிரதிகளுக்கு மேல் விற்றது. பிறகு அவரை மறந்தே போனார்கள். நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸை ஒருதலையாகக் காதலித்தவர் என்ற பேச்சுதான் மிஞ்சியது. அதை மறுக்க வந்த நூலின் தலைப்பே (‘போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி நாவலிஸ்ட்’) ஜேம்ஸின் 1881 நாவலான ‘தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி’யை ஒட்டி இருக்கிறது. ஜேம்ஸைச் சந்தித்தபோது வூல்சனுக்கு வயது 40. அதற்கு முந்தைய எழுத்துக்குத்தான் முதலிடம் வேண்டும்.

காகிதப்புலி:
ஜேம்ஸைத் தொடாமல் விட்டால் பழைய கதை அசையாமல் நிற்கும். அதைக் கட்டியவர் லியோன் எடல், 1953 முதல் 1972 வரை ஐந்து தொகுதிகளாக வந்த ஜேம்ஸ் வரலாற்றில். கையில் இருந்த நேரடி ஆதாரம் எவ்வளவு? வூல்சன் ஜேம்ஸுக்கு எழுதியதில் நான்கு கடிதங்கள், எல்லாம் 1882, 1883 ஆண்டுகளில் எழுதியவை. ஜேம்ஸ் அவருக்கு எழுதியதில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மிஞ்சிய கடிதங்களில் அவர் ஜேம்ஸின் எழுத்தைச் சக தொழில்காரராக அலசுகிறார். எடல் அதை விட்டுவிட்டு, தனிமை தெரியும் வரிகளைப் பிடித்துக்கொண்டார்.

இன்னொரு தவறு, புனைவைச் சாட்சியாக வைப்பது. ‘மிஸ் க்ரீஃப்’ கதையில், வெற்றி பெற்ற ஆண் எழுத்தாளர் ஒருவரிடம் ஓர் ஏழைப் பெண் தன் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவருகிறாள். அந்த ஆண் ஜேம்ஸ்தான், இது அவர்கள் உறவின் கதை என்று பலர் எழுதிவிட்டார்கள். கதை பிலடெல்ஃபியாவின் லிப்பின்காட்ஸ் இதழில் வெளியானது 1880 மே. இருவரும் ஃபுளோரன்ஸில் சந்தித்ததும் அதே வசந்தத்தில். கையெழுத்துப் பிரதி பிலடெல்ஃபியாவுக்குப் போய், ஏற்கப்பட்டு, அச்சுக் கோத்து வெளிவர எத்தனை வாரம் ஆகும்? கணக்குப் போட்டால், சந்திப்புக்கு முன்பே எழுதியது என்று தெரிந்துவிடும். ஜேம்ஸின் எழுத்தை அவர் முன்பே படித்திருந்தார், அது வேறு விஷயம். இப்படித் தேதி வைத்து மறுக்க வேண்டுமானால் ஜேம்ஸைப் பற்றிப் பேசித்தானே ஆக வேண்டும்?

பழஞ்சுவடி:
ஆதாரம் பற்றி ஒரு சேர்க்கை. வூல்சன் கடிதங்களில் ஒரு பகுதி நமக்குக் கிடைப்பது அவர் சகோதரி மகள் கிளேர் பெனடிக்ட் வெளியிட்ட குடும்பத் தொகுப்பின் வழியாக. எதை வைப்பது, எதை வெட்டுவது என்று முடிவு செய்தது குடும்பம். அப்படிப்பட்ட துண்டை எடுக்கும்போது யாருக்கு எழுதியது, எந்த ஊரிலிருந்து, அப்போது எந்தக் கதை அச்சில் இருந்தது என்று மூன்றையும் ஒத்துப் பார்க்காமல் தேதி போடக் கூடாது. ஒரு வருடம் பிசகினாலும் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். ஷேரன் டீன் 2012-இல் முழுக் கடிதத் தொகுப்பைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வேலைக்கு அடித்தளம் கிடைத்தது.

நெய்தல்:
‘மிஸ் க்ரீஃப்’ தேதி வாதம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மறுப்புக்கு ஓர் அத்தியாயம் போதும். 1877-இல் அட்லாண்டிக் மந்த்லி இதழில் வந்த வூல்சனின் ‘ராட்மன் தி கீப்பர்’ கதையைப் பாருங்கள். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த தெற்கில், வடக்குப் படையின் 14,000 வீரர்கள் புதைந்த கல்லறைத் தோட்டத்துக்கு ஒரு பழைய வடக்கு வீரன் காவல். சாகக் கிடக்கும் ஒரு தெற்கு வீரனுக்கு அவன் பணிவிடை செய்கிறான். அந்த வீரனின் உறவுக்காரப் பெண் பெட்டினா, பார்வையாளர் பதிவேட்டில் கையெழுத்துப் போட மறுக்கிறாள். என் அப்பாவையும் அண்ணன் தம்பிகளையும் கொன்றவர்கள் படுத்திருக்கும் இடத்துக்கு வந்தேன் என்று எப்படி எழுதுவேன் என்கிறாள். இரு தரப்பையும் இப்படி எழுதியவருக்கு எந்த ஆணின் துணையும் தேவையில்லை.

வூல்சனின் மரணத்திலும் இதே சிக்கல்தான். 1894 ஜனவரி 24, வெனிஸில் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். காய்ச்சல், நீண்ட நாள் மனச்சோர்வு, முற்றிக்கொண்டிருந்த காது கேளாமை எல்லாம் கடிதங்களிலேயே இருக்க, ‘காதல் தோல்வி’ என்றார்கள். ஜேம்ஸ் அவர் உடைகளைக் கடற்கழியில் மூழ்கடிக்க முயன்றார் என்ற கதையோ, அறுபது ஆண்டுகளுக்குப் பின் பதிவான வாய்வழி நினைவு. அதை எந்த வரலாற்றிலும் அடிக்குறிப்புக்கு மேலே ஏற்றக் கூடாது.

காகிதப்புலி:
உடைக் கதையில் உங்களோடு உடன்படுகிறேன். தலைப்பில் இல்லை. ரியூ அதே 2016-இல் வூல்சனின் சிறுகதைத் தேர்வு ஒன்றையும் கொண்டுவந்தார்; 2020-இல் அமெரிக்கச் செவ்விலக்கியங்களை வெளியிடும் லைப்ரரி ஆஃப் அமெரிக்கா வரிசையில் அவர் பதிப்பித்த கதைத் தொகுதி வந்தது. நீங்கள் சொல்லும் ‘ராட்மன்’ இன்று நல்ல பதிப்பில் கைக்கு எட்டுவதில் அந்த வரலாற்று நூலுக்கும் பங்கு உண்டு. ஜேம்ஸ் பெயரைப் பார்த்து நூலை எடுத்தவர்களும் அந்த வாசகர்களில் இருக்கிறார்கள்.