புதுப்பிப்பு: பெர்ஃப் ஸ்டாட் குழுவில் 'எண்ணப்படவில்லை', தீர்ந்தது

பெர்ஃப் ஸ்டாட் என்பது நிரல் ஓடும்போது பிராசசரில் நடப்பவற்றை எண்ணிக் காட்டும் லினக்ஸ் கருவி. இன்டெல் ஸ்கைலேக் பிராசசர் உள்ள கணினியில் அதற்கு சைக்கிள்களோடு (கடிகாரத் துடிப்புகள்) நான்கு கேஷ், பிராஞ்ச் நிகழ்வுகளை ஒரே குழுவாக, அதாவது எல்லாம் ஒன்றாகவே எண்ணப்படும்படி, கொடுத்தால் ஐந்துமே 'எண்ணப்படவில்லை' என்று வருவதாகக் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

என்எம்ஐ வாட்ச்டாக்கை (சிபியு உறைந்துபோனால் கண்டுபிடிக்கும் கெர்னல் வசதி) நிறுத்திப் பார்க்கச் சொன்னதுதான் பலித்தது. நிகழ்வுகளை எண்ண சில்லில் உள்ள கவுன்டர்களில், சைக்கிள்களுக்கென்றே உள்ளதை அது பிடித்து வைத்திருந்தது. அதனால் என் சைக்கிள் நிகழ்வுக்கும் பொதுக் கவுன்டர் தேவைப்பட்டது. ஹைப்பர்த்ரெடிங் (ஒரு கோரை இரண்டு த்ரெடாக இயக்கும் வசதி) இருந்தால் பொதுக் கவுன்டர்கள் ஒரு த்ரெடுக்கு நான்குதான்; எனக்கு வேண்டியது ஐந்து. சிஸ்சிடிஎல்லில் (கெர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) கெர்னல்.என்எம்ஐ_வாட்ச்டாக் மதிப்பை 0 ஆக்கியதும் ஐந்து வரியிலும் எண் வந்துவிட்டது.

எதிர்பாராதது: லினக்ஸ் 6.2க்கு மாறினாலே சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். எந்தெந்த நிகழ்வுகளை எண்ணுவது என்று கெர்னல் கணக்கு வைக்கும் பெர்ஃப் கான்டெக்ஸ்ட்டை அதில் திருத்தி எழுதி, டாஸ்க்குக்கு (ஓடும் ஒரு வேலைக்கு) ஒன்றே என்று ஆக்கினார்கள். அருமையான வேலைதான், ஆனால் மாறியது கணக்கு வைக்கும் முறை; சில்லில் உள்ள கவுன்டர்கள் கூடவில்லை. அங்கும் அதே வெற்று வரிகள்.

அளந்து முடித்ததும் மதிப்பை 1 ஆக்கிவிடுங்கள், இல்லையேல் ஹார்ட் லாக்கப் (சிபியு முற்றிலும் உறைந்துபோவது) பிடிபடாது.