புதுப்பிப்பு: தஞ்சாவூர் ஓவியத்தில் அக்ரிலிக் பேஸ்ட்

மக்கு வேலைக்கு, அதாவது கிரீடம், மாலை போன்றவற்றை மேடாக எழுப்புவதற்கு, சாக் பவுடரும் கோந்தும் சேர்ந்த கலவைக்குப் பதிலாக அக்ரிலிக் மாடலிங் பேஸ்ட் பயன்படுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். செய்து பார்த்தாயிற்று.

பேஸ்டில் வெடிப்பு விழவில்லை. கிரீடம், மாலையெல்லாம் நன்றாகவே எழும்பி நிற்கின்றன. தகராறு தங்க ரேக்கில், அதாவது மேலே ஒட்டும் மெல்லிய தங்கத் தகட்டில்தான். சாக் மக்கு ஈரத்தை உறிஞ்சும். கோந்து பூசி, ஒட்டும் பதத்தில் ரேக்கை அழுத்தினால் சிக்கென்று பிடித்துக்கொள்ளும். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் மாதிரி. கோந்து உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கிறது, மேடுகளின் ஓரத்தில் ரேக் பெயர்ந்துவிடுகிறது. அதனால் ரேக் ஒட்டும் இடமெல்லாம் பழைய மக்கு, வண்ணம் மட்டும் வரும் தூண், திரைச்சீலைக்கு பேஸ்ட் என்று பிரித்துக்கொண்டேன்.

முகத்துக்கு போஸ்டர் கலரே சௌகரியம். அக்ரிலிக் சீக்கிரம் காய்வதால் கன்னத்து நிழலை இழைக்க நேரம் தருவதில்லை.

"இது தஞ்சாவூர் ஓவியமா?" என்றார் ஒருவர். பலகை, துணி, சுண்ணாம்பு, தங்கம், கல் எல்லாம் சேர்ந்ததுதானே அது! இருந்தாலும் விற்கும்போது பேஸ்ட் கலந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், ரேக்கின் மேல் வார்னிஷ் வேண்டாம், பளபளப்பு மங்குகிறது.