சீஸ்கிளாத் பேய் காலையில சரிஞ்சு கிடக்கு, அவசர உதவி

எடிசன்_அம்மா: ஹாலோவீனுக்கு முன்பக்கப் புல்வெளியில வைக்க சீஸ்கிளாத்தை (வலை மாதிரி மெல்லிய துணி) பசைத் தண்ணியில முக்கிப் போர்த்தி பேய் செஞ்சேன். கராஜ்ல விறைப்பா நின்னுச்சு. வெளியில வச்சா காலையில தொளதொளன்னு கிடக்கு. மழையே இல்ல. சனிக்கிழமைக்குள்ள சரிபண்ணணும், ப்ளீஸ்.

தச்சுப்பட்டறை: என்ன பசை? எவ்வளவு தண்ணி? உள்ள கூடு எதுல?

பூசணிப்பிரியை: துணி பாலியஸ்டரா இருக்கும், பசையை உறிஞ்சாது. முழுப் பருத்தி வாங்குங்க.

நள்ளிரவு: உறிஞ்சாத துணி கராஜ்ல மட்டும் எப்படி நிக்கும்? வருஷா வருஷம் இதே கேள்வி, பசை பேரைச் சொல்லாமலே. பழைய பதிவுகளைப் படிச்சுட்டு வாங்க.

எடிசன்_அம்மா: பிள்ளைங்களோட ஸ்கூல் வெள்ளைப் பசை, பாதிக்குப் பாதி தண்ணி. ஃபோம் பந்துத் தலை, கீழ ஒரு கேலன் பால் கேன்.

பூசணிப்பிரியை: அப்போ மேல கிளியர் ஸ்ப்ரே அடிச்சிடுங்க, போதும்.

தச்சுப்பட்டறை: அடிக்காதீங்க! சீஸ்கிளாத் ஓட்டை வழியா ஸ்ப்ரே உள்ள போகும், அதுல இருக்கற கரைப்பான் ஃபோம் தலையை உருக்கிடும். பிரச்சினை ராத்திரிப் பனி. அந்தப் பசை காஞ்ச பிறகும் ஈரம் பட்டா இளகும், துணியில பட்டா துவைச்சதும் போகணும்னே செஞ்சது. சோளமாவுக் கஞ்சியும் அப்படித்தான்.

துணியை வெந்நீர்ல ஊறவச்சு பசையைக் கழுவுங்க. தலை, கேன் மேல பிளாஸ்டிக் உறை சுத்துங்க, இல்லன்னா துணி ஒட்டிக்கும். வெளிச்சுவருக்கு அடிக்கற வெள்ளை லேடக்ஸ் பெயின்ட்ல (தண்ணியில கரையற வகை) முக்கி, சொட்டாத அளவு பிழிஞ்சு, ரெண்டு அடுக்காப் போர்த்துங்க. ஓரத்தைக் கையால இழுத்து மடிப்பு வைங்க. வீட்டுக்குள்ளயே முழுசாக் காயட்டும். 50 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழ போனா பல பெயின்ட் சரியாப் படியாது, உதிரலாம்.

நள்ளிரவு: காத்தை மறந்துட்டீங்க. கேன்ல மணல் போடணும். உயரமான பேய்னா 3/8 அங்குல ரீபார் கம்பியை (கான்கிரீட்டுக்குள்ள போடற இரும்புக் கம்பி) 2 அடி அளவுக்கு வெட்டி, பாதி மண்ணுல அடிச்சு, மேல அரை அங்குல பிவிசி குழாயைச் சொருகுங்க. அடிக்கிறதுக்கு சில நாள் முன்னாடியே 811-க்கு (அமெரிக்காவுல தோண்டறதுக்கு முன்னாடி கூப்பிடற எண்) கூப்பிட்டு நிலத்தடி கேஸ், மின் லைன் குறிக்கச் சொல்லுங்க. உள்ள எல்இடி மட்டும். மெழுகுவர்த்தி வச்சா சீஸ்கிளாத் குப்புன்னு பத்திக்கும்.

பூசணிப்பிரியை: பக்கத்துப் புதர்ல இழுத்துக் கட்டற பஞ்சு சிலந்தி வலையும் போட்டா எடுப்பா இருக்கும்.

மேப்பிள்தெரு: தயவுசெஞ்சு வெளியில போடாதீங்க. அந்த மெல்லிய இழையில குருவியும் ஆந்தையும் சிக்கிக்குது. தடிமனான வெள்ளைக் கயித்துல பெரிய பெரிய இடைவெளி விட்டு வலை கட்டுங்க.

பூசணிப்பிரியை: சில நாள்ல கழட்டிடப் போறோம், அதுக்கு இவ்வளவா?

மேப்பிள்தெரு: சிக்க ஒரு ராத்திரி போதும். வலை வேணும்னா கதவுக்கு உள்பக்கம் போடுங்க.

நள்ளிரவு: வலைக்குத் தனிப் பதிவு போடுங்க. இங்க கேள்வி பேய்.

எடிசன்_அம்மா: பெயின்ட்ல முக்கினேன். நேத்துப் பனிக்கும் நின்னுச்சு. நன்றி.

தச்சுப்பட்டறை: பெயின்ட் மேட்டா (பளபளப்பில்லாதது), சாட்டினா (லேசாப் பளபளக்கறது)? அடுத்தவங்களுக்கு உதவும்.