மாற்றுத்திறனாளி கொடுப்பனவு: விண்ணப்பித்து எடுத்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கும் என் பெரியம்மாவுக்காகக் கேட்கிறேன். பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் இயங்காது. சோற்றைப் பிசைந்து வைத்தால் இடது கையால் மெதுவாகச் சாப்பிடுவா. கட்டிலை விட்டு எழும்ப ஒராள் பிடிக்க வேண்டும்.

மாதக் கொடுப்பனவை 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கினார்கள். மருந்துக்கும் பம்பஸுக்கும் அது பெரிய உதவி. கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி எல்லாம் சரி. மருத்துவ அறிக்கைதான் சிக்கல். நோயின் பெயர் மட்டும் இருக்கிறதாம், அன்றாட வேலைகளைத் தானாகச் செய்ய முடியாது என்று எழுதவில்லையாம். விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த நிலையில் அவவை மறுபடி ஆட்டோவில் ஏற்றி வாவி கடந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மனம் வரவில்லை.

கிளினிக் கொப்பியைக் காட்டி, ஆளைக் கொண்டுபோகாமல் அறிக்கையைத் திருத்தி எடுக்கலாமா? சமூக சேவை உத்தியோகத்தரை வீட்டுக்கு வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாமா? அப்புறம், வீட்டுக்கு அஸ்வெசும என்ற அரசின் நலன்புரி உதவி கிடைக்கிறது, அதனால் இது தடைப்படுமா? அண்மையில் எடுத்தவர்கள் உங்கள் அறிக்கையில் டொக்டர் என்ன எழுதியிருந்தார் என்று சொன்னால் போதும், அதைக் கொண்டுபோய்க் கேட்பேன்.