நாங்கள் விலகியதும் எல்லாம் நின்றுவிடுகிறது: மக்கள் தங்கள் பிரச்சினையைத் தாங்களே கையில் எடுக்க என்ன செய்வது?

கேள்வி

வணக்கம். நாங்கள் எட்டுப் பேர் கொண்ட தன்னார்வக் குழு. ஏறத்தாழ இருநூறு குடும்பங்கள் வாழும் ஒரு குடியிருப்பில் மூன்று ஆண்டுகள் வேலை செய்தோம். முதல் கூட்டத்தில் மக்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டபோது நீண்ட பட்டியல் கிடைத்தது. அதிலிருந்து கழிவுநீர் வடிகாலை எடுத்துக்கொண்டு, மனு எழுதி, அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, ஒன்றரை ஆண்டில் வடிகால் போட வைத்தோம். அதைப் பராமரிப்பதற்குப் பதினொரு பேர் கொண்ட குழுவையும் அமைத்துக் கொடுத்துவிட்டு, நிறைவோடு விடைபெற்றோம்.

நான்கு மாதங்கள் சென்றபின் அங்கிருந்து ஒரு பெண்மணி தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, உங்க சாக்கடை மறுபடியும் அடைச்சுக்கிச்சு, எப்ப வருவீங்க?" என்று கேட்டார். பராமரிப்புக் குழு ஒருமுறைகூடக் கூடவில்லை என்பது அதன் பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அந்த மக்கள்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. நாங்கள்தான் எங்கோ தவறியிருக்கிறோம். எங்கே என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

மறுமொழி 1

அந்த அம்மா "உங்க சாக்கடை" என்று சொன்னாரே, அந்த ஒரு சொல்லிலேயே விடை இருக்கிறது. மனுவை எழுதியது யார், அலுவலரின் மேசைக்கு எதிரே அமர்ந்து பேசியது யார், வடிகாலின் வரைபடமும் செலவுக் கணக்கும் இன்று யாரிடம் இருக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் "நாங்கள்" என்பதே பதில் என்றால், பராமரிப்பு மட்டும் எப்படி அவர்களுடையதாகும்?

இதே கழிவுநீர்ப் பிரச்சினையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டிய இடம் பாகிஸ்தானின் கராச்சி நகரில் ஏழை மக்கள் வாழும் ஒராங்கி குடியிருப்பு. சமூகப் பணியாளர் அக்தர் ஹமீத் கான் 1980-இல் அங்கே வேலையைத் தொடங்கியபோது, அரசு வந்து இலவசமாகச் செய்துதரும் என்ற நம்பிக்கையில்தான் மக்களும் இருந்தார்கள். அவர் வேலையை இரண்டாகப் பிரித்தார். வீட்டுக் கழிப்பறை, சந்துக்குள் ஓடும் குழாய், பல சந்துகளின் கழிவை வாங்கிச் செல்லும் இணைப்புக் குழாய் ஆகியவை உள்வேலை; அவற்றுக்கு மக்களே பணம் போட்டு, மக்களே மேற்பார்வை செய்வது. பெரிய வடிகாலும் சுத்திகரிப்பு நிலையமும் வெளிவேலை. அது அரசின் கடமை. இருபது முப்பது வீடுகள் கொண்ட ஒரு சந்துதான் அடிப்படை அலகு. சந்துக்காரர்கள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுப்பார்கள். வீடுவீடாகப் பணம் திரட்டுவதும் வேலையை நடத்துவதும் அவர் பொறுப்பு. கானின் ஒராங்கி திட்டத்தைச் சேர்ந்தவர்கள் அளவெடுத்து, வரைபடமும் செலவு மதிப்பீடும் தயாரித்து, கருவிகளை இரவல் கொடுத்து, வேலை நுணுக்கத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். பணத்தை மட்டும் அவர்கள் தொடவே இல்லை. தன் கைக்காசு புதைந்திருக்கும் குழாய் எங்கே அடைத்திருக்கிறது என்று அந்தச் சந்துக்காரருக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பதினொரு பேர் குழு இருநூறு குடும்பங்களுக்கும் பொது. எல்லாருக்கும் பொதுவான பொறுப்பு எளிதில் யாருக்கும் இல்லாத பொறுப்பாகிவிடும். ஒரு சந்தில் எல்லாரும் ஒருவரையொருவர் தினமும் பார்க்கிறார்கள், யார் பணம் கொடுக்கவில்லை என்பதும் தெரியும். அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள்.

மறுமொழி 2

மேலே எழுதியவரின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் ஓர் ஆபத்தைச் சுட்டிக்காட்டாமல் இருக்க முடியவில்லை. "மக்களே செய்துகொள்ளட்டும்" என்பது அரசு தன் கடமையிலிருந்து நழுவுவதற்கு மிக வசதியான வாக்கியம். வசதி படைத்தோர் வாழும் பகுதியில் வடிகாலுக்கு நிதி திரட்டும்படி யாரும் கேட்பதில்லை. ஏழைகளிடம்தான் சுயசார்பைப் பற்றி ஓயாமல் பேசப்படுகிறது. ஒராங்கியில் உள்வேலையோடு வெளிவேலையும் சேர்த்தே பேசப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. இளைஞர்கள் கால்வாய்களையும் குடியிருப்புகளையும் அளந்து தயாரித்த வரைபடங்கள்தான் பின்னாளில் அரசிடம் வாதாடுவதற்கு ஆதாரமாயின.

அதிகாரத்தை அசைப்பதற்குக் கோரிக்கையைவிடத் தகவல் வலிமையானது. 1990-இல் ராஜஸ்தானில் உருவான மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு, 1994 இறுதியில் பொது விசாரணைக் கூட்டங்களை நடத்தத் தொடங்கியது. அங்கே பெரிய சொற்பொழிவு எதுவும் தேவைப்படவில்லை. வேலைத் திட்டங்களின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். "இன்னார், இத்தனை நாள் வேலை, இவ்வளவு கூலி" என்று படிக்கப் படிக்க, பெயருக்குரியவர் எழுந்து நின்று, தான் அந்த வேலைக்கே போகவில்லை என்பார். இறந்துபோனவர்களின் பெயரில்கூடக் கூலி எழுதப்பட்டிருந்தது. அதுவரை அலுவலக அலமாரியில் இருந்த தாள், அதைச் சரிபார்க்கத் தகுதி படைத்த ஒரே கூட்டத்தின் கைக்கு வந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் அங்கே நிபுணர், ஏனென்றால் அந்த நாளில் தான் எங்கே இருந்தோம் என்பது அவருக்குத் தெரியும். இத்தகைய பதிவேடுகளின் நகலைப் பெறும் உரிமை கேட்டு 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா நடந்தது. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்ததற்கு இந்த இயக்கம் ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் வடிகால் நான்கே மாதத்தில் அடைத்துக்கொண்டது என்றால், அது ஒப்பந்தப்படி சரியான சரிவோடு போடப்பட்டதா என்பதையும் பார்க்க வேண்டும். பராமரிக்காத மக்கள்மீது பழி போடுவதற்கு முன், செய்த வேலையின் நீள ஆழங்களை அலுவலர்கள் பதிந்துவைக்கும் அளவுப் புத்தகத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். இல்லை, தவறாகச் சொல்லிவிட்டேன். அவர்களைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 3

இருவரும் வேலை தொடங்கியபின் நடப்பதைப் பற்றிச் சொன்னீர்கள். எனக்கு அந்த முதல் கூட்டமே உறுத்துகிறது. "என்ன வேண்டும்" என்று கேட்டால் மக்கள் தங்களிடம் இல்லாதவற்றைப் பட்டியலிடுவார்கள், கேட்டவர் கொடுப்பவராகிவிடுவார். அமெரிக்க ஆய்வாளர் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் 1969-இல் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக விவரித்தார். அதில் கருத்துக் கேட்பது நான்காவது படிதான். முடிவெடுக்கும் அதிகாரம் உண்மையில் கைமாறுவது ஆறாம் படியிலிருந்து. பட்டியலில் இருந்து வடிகாலைத் தேர்ந்தெடுத்தது யார்? உங்கள் பதிவில் "எடுத்துக்கொண்டு" என்றுதான் இருக்கிறது.

வேறு விதமாகவும் கேட்கலாம். தொண்டு நிறுவனப் பணியாளர் ஜெரி ஸ்டெர்னினும் அவர் மனைவி மோனிக்கும் 1990 இறுதியில் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டைப் போக்கும் பணிக்காக வியட்நாம் சென்றார்கள். விளைவைக் காட்ட அவர்களுக்குக் கிடைத்தது ஆறு மாத அவகாசம். ஊர்க்காரர்களே குழந்தைகளை எடை போட்டார்கள். பிறகு, மிக ஏழ்மையான வீடுகளிலும் நல்ல எடையோடு இருக்கும் குழந்தைகள் உண்டா என்று தேடினார்கள். இருந்தார்கள். அந்த வீடுகளுக்குச் சென்று பார்த்தபோது, தாய்மார்கள் வயலில் கிடைக்கும் சிறு இறாலையும் நண்டையும் சர்க்கரைவள்ளிக் கீரையையும் சோற்றில் சேர்ப்பதும், ஒரு நாளைக்குப் பல முறை சிறிது சிறிதாக ஊட்டுவதும் தெரிந்தது. மற்றவர்கள் அவற்றைக் குழந்தைக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார்கள். வந்தவர்கள் அதைப் பாடமாக நடத்தவில்லை. சேர்ந்து சமைக்கும் கூட்டத்துக்கு ஒவ்வொரு தாயும் ஒரு கைப்பிடி இறாலோ நண்டோ கீரையோ தேடிக் கொண்டுவர வேண்டும் என்று வைத்தார்கள். கைக்குப் பழகியது வீட்டிலும் தொடர்ந்தது.

உங்கள் குடியிருப்பிலும் தன் வீட்டெதிரே வடிகால் அடைக்காமல் பார்த்துக்கொள்பவர் ஒருவராவது இருப்பார். அவர் என்ன செய்கிறார் என்று பக்கத்து வீட்டார் போய்ப் பார்க்கட்டும். இன்னொன்று: அந்தப் பதினொரு பேரில் பெண்கள் எத்தனை பேர், வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எத்தனை பேர்? குழு என்று அமைத்தால் ஏற்கெனவே குரல் உள்ளவர்களே அதில் வந்து அமர்ந்துவிடுவது எங்கும் நடப்பதுதான். உங்களைத் தொலைபேசியில் அழைத்த அம்மா குழுவில் இருந்தாரா?

கேள்வி கேட்டவர்

இல்லை, அவர் குழுவில் இல்லை. பதினொரு பேரில் இரண்டு பெண்கள். இருவரும் குழு உறுப்பினர்களின் வீட்டைச் சேர்ந்தவர்கள். வாடகைக்கு இருப்போர் யாரும் இல்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அளவுப் புத்தகத்தின் நகலும் வரைபடமும் எங்கள் அலுவலக அறையில்தான் கிடக்கின்றன. முதல் மறுமொழி அளித்தவர் அதை எப்படி ஊகித்தார் என்று தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவற்றை எடுத்துக்கொண்டு போகிறோம். அந்த அம்மா தன் சந்தில் உள்ளவர்களைக் கூப்பிட்டு வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே நாங்கள் என்ன பேச வேண்டும்?

மறுமொழி 1 எழுதியவர்

ஊகமில்லை, நானும் பல ஆண்டுகள் அப்படி ஓர் அலமாரியைப் பூட்டி வைத்திருந்தவன்தான்.

அதிகம் பேச வேண்டாம். வரைபடத்தைத் தரையில் விரித்து, அவரவர் வீடு எங்கே என்று அவர்களையே காட்டச் சொல்லுங்கள். பிறகு அளவுப் புத்தகத்தில் உள்ள நீளத்தையும் ஆழத்தையும் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் அளவு நாடாவோடு அந்தச் சந்திலேயே அளந்து பார்க்கட்டும். நாடாவை நீங்கள் பிடிக்காதீர்கள். அளவு பொருந்தவில்லை என்றால் மனு வேண்டும் என்று அவர்களே சொல்வார்கள். பொருந்தினால், தூர்வாரும் முறையை அந்தச் சந்துக்குள் எப்படிப் பங்கிடுவது என்ற பேச்சு வரும். இரண்டில் எது வந்தாலும் காகிதங்களை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டத்துக்கான நாளை நீங்கள் குறிக்க வேண்டாம். அவர்கள் குறித்தால், உங்களையும் அழைத்தால், போங்கள்.