மெதடோனை ஒரேயடியா நிப்பாட்டலாமோ?

புதுக்குடியிருப்பான்: மச்சான் லண்டனில இருந்து வந்து நிக்கிறான். ஹெரோயினை விடுறதுக்கு அங்க டொக்டர் குடுத்த மெதடோனைக் கனகாலமா குடிக்கிறான், இப்ப அதையும் விடப்போறன் எண்டு ஒற்றைக்கால்ல நிக்கிறான். இஞ்ச ஆரிட்டக் காட்டலாம்?

பரந்தன் ராசன்: என்னத்துக்குக் காட்டுவான்? அதுவும் போதைதானே. ஒரு கிழமை அறைக்குள்ள விட்டு கஞ்சி குடுங்கோ. எங்கட ஊர்ப் பெடியள் ஹெரோயின் தூளை அப்பிடித்தான் விட்டவங்கள்.

நெடுங்கேணி அக்கா: ராசன் அண்ணை, நான் மனநலப் பிரிவில மிஸ்ஸியா வேலை செய்தனான். தூளை விட்டா உடம்பு படுற பாடு அண்டைக்கே தொடங்கி ஒரு கிழமையில பெரும்பாலும் அடங்கும். மெதடோன் உடம்பில கனநேரம் நிக்கிற சாமான், முதல் நாள் சுகமா இருக்கிற மாதிரித்தான் கிடக்கும், பிறகு கால் உளைவு, சத்தி, வயித்தோட்டம், நித்திரையே இல்லை எண்டு மூண்டு கிழமைக்கு மேலயும் இழுக்கும். அது தாங்கேலாமல் பழைய அளவைத் திருப்பி எடுத்தாத்தான் பெரிய ஆபத்து, உடம்புக்குப் பழக்கம் விட்டுப்போயிருக்கும், மூச்சு நிண்டிடும். டொக்டர் பாத்துப் பாத்து கொஞ்சங் கொஞ்சமா குறைக்கிறதுதான் முறை, மாதக்கணக்கு எடுத்தாலும் பரவாயில்லை.

பரந்தன் ராசன்: கிளினிக் வரிசையில நிண்டா பின்னேரமே சந்தியில கதை வந்திடும். தங்கச்சிக்குக் கலியாணம் பேசவேண்டாமோ? அப்பிடியெண்டா கந்தக்காட்டுப் போதைப் புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்புங்கோ.

குளத்தடியான்: அது ஆமி நடத்தின இடம் அண்ணை. 2022இல அங்க ஒரு ஆள் செத்து, நூற்றுக்கணக்கில ஆக்கள் உடைச்சுக்கொண்டு ஓடினவை. 2009க்குப் பிறகு புனர்வாழ்வு எண்டு பிள்ளையளை முகாமுக்கு விட்டிட்டு வாசலைப் பாத்திருந்த தாய்மாரிட்ட இதைச் சொல்லுவியளோ?

பரந்தன் ராசன்: சரி, அந்தக் கதையை விடுறன். ஆனா மெதடோன் இஞ்ச எடுக்கேலுமோ? கொண்டுவந்தது முடிஞ்சா என்ன செய்வார்?

நெடுங்கேணி அக்கா: அது நியாயமான கேள்வி. முடிய முதலே போகவேணும். லண்டன் டொக்டரிட்ட எத்தினை மில்லிகிராம் எண்டு கடிதம் எடுத்துக்கொண்டு, ஊர்க்கண் பயமெண்டா கிளிநொச்சியை விட்டிட்டு வவுனியா ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கோ, காசு கட்டத் தேவையில்லை. இஞ்ச தொடர்ந்து எடுக்க வழியில்லை எண்டு டொக்டர் சொன்னா, திரும்பிப்போய் அங்கயே குறைச்சு முடிக்கட்டும், அதில வெக்கமில்லை. அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின்ர 1927 எண்ட நம்பருக்கும் அடிச்சுக் கேக்கலாம். நடுவில சாராயம், நித்திரைக்குளிசை எதுவும் தொடக்கூடாது, சொல்லிப்போட்டன்.

புதுக்குடியிருப்பான்: நன்றி அக்கா. கடிதத்துக்கு இண்டைக்கே கேக்கச் சொல்லுறன். வவுனியாவில கிளினிக் எந்தெந்த நாள் எண்டு தெரிஞ்ச ஆக்கள் போடுங்கோ.