இன்டேக் குழாய்க்கு எந்த வெப்பத் தடுப்புப் பூச்சு நல்லது? சிக்னலில் நின்று கிளம்பினால் வண்டி இழுக்கவில்லை

கேட்டவர் (வேலூர்):
வணக்கம். என்னுடையது 1.2 லிட்டர் பெட்ரோல் கார், 9 ஆண்டுகளாக ஓடுகிறது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பிளாஸ்டிக் குழாய் சென்ற மாதம் வெடித்துவிட்டது. அசல் உதிரி வரத் தாமதமாகும் என்றதால், ஒரு பட்டறையில் 60 மி.மீ. அலுமினியக் குழாயை வளைத்துப் பொருத்திக் கொடுத்தார்கள். அதன்பிறகுதான் தொல்லை. கிரீன் சர்க்கிள் சிக்னலில் ஏசியுடன் மூன்று நிமிடம் நின்று கிளம்பினால் முதல் கியரில் வண்டி சோர்ந்துபோகிறது. பத்துப் பதினைந்து விநாடிகளில் சரியாகிவிடுகிறது. பானட்டைத் திறந்து குழாயைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை.

600 டிகிரி தாங்கும் வெள்ளி நிற ஸ்ப்ரே, செராமிக் பூச்சு, தங்க நிற ஒட்டும் டேப் என மூன்று வழிகள் கண்ணில் படுகின்றன. கறுப்பு பெயின்ட் அடித்தால் சூடு வெளியேறிவிடும் என்கிறார் பட்டறைக்காரர். எதை வாங்கலாம்?

பதில் (ஓசூர்):
வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கோளாறு பார்க்கும் இணைப்பு) செருகும் சிறிய புளூடூத் கருவி இருந்தால், உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். நெடுஞ்சாலையில் ஓடும்போது ஒன்று, சிக்னலில் நின்றபின் ஒன்று, வெளி வெப்பநிலை ஒன்று. இந்த மூன்றும் தெரியாமல் எந்தப் பூச்சைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

கேட்டவர்:
நண்பரிடம் கருவி வாங்கிப் பார்த்தேன். வெளியே 39 டிகிரி. கிருஷ்ணகிரி சாலையில் 80 கி.மீ. வேகத்தில் 47. சிக்னலில் மூன்று நிமிடம் நின்றபின் 71.

பதில் (கோவை, இன்ஜின் வேலையில் 22 ஆண்டுகள்):
தம்பி, உங்கள் எண்களிலேயே பாதி விடை இருக்கிறது. நிமிடத்துக்கு 3000 சுற்றில் உங்கள் இன்ஜின் விநாடிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் காற்றை இழுக்கும். அரை மீட்டர் குழாயை அந்தக் காற்று விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் கடந்துவிடும். குழாய் எவ்வளவு சூடாக இருந்தாலும் அதற்குள் காற்று பெரிதாகச் சூடேறாது. ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது, அதே காற்று ஏறத்தாழப் பத்து மடங்கு மெதுவாக நகர்கிறது, அதனால் சூட்டை வாங்கிக்கொள்கிறது. 39 டிகிரிக் காற்றோடு ஒப்பிட்டால் 71 டிகிரிக் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் குறைவு. போதாததற்கு, சூடான காற்று வருகிறது என்று சென்சார் சொன்னதும் தட்டல் (எரிபொருள் தாறுமாறாக வெடித்து எரிவது) வராமலிருக்க, இன்ஜினை இயக்கும் கணினியான இசியூ பற்றவைப்பைத் தாமதப்படுத்தும். நீங்கள் உணரும் சோர்வு இவை இரண்டும் சேர்ந்தது.

இனி பூச்சு. 600 டிகிரி தாங்கும் என்றால் அந்த பெயின்ட் 600 டிகிரியில் உரியாது என்று பொருள், சூட்டைத் தடுக்கும் என்று பொருளல்ல. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு பலர் பணத்தை இழப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். அது சிலிக்கோன் பெயின்ட், இறுகுவதற்கே 200 டிகிரி அளவில் சூடு வேண்டும். இன்டேக் குழாய் அந்தச் சூட்டை என்றும் காணாது. பெயின்ட் மென்மையாகவே இருந்து, பெட்ரோல் துணி பட்டாலே வழிந்துவிடும். செராமிக் பூச்சின் கனம் 50 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரின் இருபதில் ஒரு பங்கு. அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு, அதாவது இன்ஜினிலிருந்து சூடான புகை வெளியேறும் இரும்புக் குழாய்த் தொகுதிக்கு, உரியது, இங்கே அதனால் பயனில்லை. கறுப்பு வேண்டவே வேண்டாம். பக்கத்தில் தன்னைவிடச் சூடான இரும்பு இருக்கும்போது கறுப்புக் குழாய் சூட்டை வெளிவிடுவதைவிட வாங்குவதே அதிகம். பளபளப்பான வெறும் அலுமினியமே எந்த வெள்ளி பெயின்டையும்விட நன்றாக வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும்.

ஆகவே சூடு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். மேனிஃபோல்டின் மேல் தகரத் தடுப்புத் தகடு இருக்கிறதா? ஃபில்டர் பெட்டிக்கு முன்பக்கத்திலிருந்து காற்று கொண்டுவரும் குழல் தன் இடத்தில் இருக்கிறதா? புதுக் குழாயைத் தாங்கும் கிளாம்ப் எதில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது?

பதில் (திருச்சி):
அண்ணன் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தங்க டேப்பை ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். என் காரில் கறுப்பு பிளாஸ்டிக் ஃபில்டர் பெட்டியின் மேனிஃபோல்ட் பார்த்த பக்கத்தில் மட்டும் ஒட்டினேன். நின்றபின் வரும் வெப்பநிலை 5 டிகிரி குறைந்தது.

பதில் (கோவை):
கறுப்பு பிளாஸ்டிக் என்பதால் பலன் கிடைத்திருக்கிறது, அது சரியான இடம். அலுமினியத்தின் மேல் ஒட்டினால் அந்த அளவு வித்தியாசம் வராது.

கேட்டவர்:
ஐயா, மூன்றுமே பிசகியிருக்கின்றன. தடுப்புத் தகடே இல்லை. ஆக்சிஜன் சென்சார் மாற்றியபோது துருப்பிடித்த போல்ட் முறிந்ததால் யாரோ கழற்றிப் போட்டிருக்கிறார்கள். முன்குழல் பெட்டியிலிருந்து விலகிக் கிடக்கிறது, இன்ஜின் மேலிருக்கும் சூடான காற்றைத்தான் பெட்டி இழுத்திருக்கிறது. கிளாம்ப் நேராக இன்ஜினின் சூடான மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. மேனிஃபோல்டில் சூடு தாங்கும் துணி நாடா சுற்றச் சொல்கிறார்கள், சுற்றலாமா?

பதில் (கோவை):
வேண்டாம். வார்ப்பிரும்பில் நாடா சுற்றினால் ஈரம் தங்கித் துரு ஏறும், சூடு அடைபட்டு விரிசலும் விழலாம். முறிந்த போல்டை எடுக்கச் சொல்லி, அசல் தகட்டை மாட்டுங்கள். கிளாம்ப்புக்கும் ஹெட்டுக்கும் நடுவே ரப்பர் புஷ் கொடுங்கள். அதற்குப் பின்னும் குழாய் சுட்டால், ஏசி குழாய்க்குப் போடும் நைட்ரைல் நுரை உறையை வெளியே மாட்டலாம். அது மேனிஃபோல்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்க வேண்டும், அந்த ரப்பர் நூறு டிகிரி அளவுதான் தாங்கும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: குழாயின் உள்பக்கம் எதையும் பூசாதீர்கள். உரிந்து வரும் செதிள் ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் இருக்கிறது, நேராக சிலிண்டருக்குள் போய்விடும்.

கேட்டவர் (ஒன்பது நாள் கழித்து):
தகடு, முன்குழல், ரப்பர் புஷ் மூன்றும் முடிந்தன. நேற்று வெளியே 40 டிகிரி. அதே சிக்னலில், அதே மூன்று நிமிடத்தில், 55. வண்டி தயங்காமல் கிளம்புகிறது. அசல் பிளாஸ்டிக் குழாய்க்கும் சொல்லி வைத்திருக்கிறேன், வந்ததும் மாற்றிவிட்டு அளவை இங்கே எழுதுகிறேன். ஸ்ப்ரே வாங்கவில்லை. இருவருக்கும் என் நன்றி, ஐயாவுக்கு வணக்கம்.